பி.காம். கையில் இருக்கிறது, அமெரிக்காவில் கணக்கியலை எங்கே தொடர்வது?

ஆகஸ்டிலும் ஜனவரியிலும், கல்லூரிகள் திறப்பதற்குச் சில வாரங்கள் முன்பு, எனக்கு ஒரே மாதிரிக் கடிதங்கள் வருகின்றன. "அக்கா, மதுரையில் பி.காம். முடித்து ஓர் ஆடிட்டரிடம் மூன்று ஆண்டுகள் வேலை பார்த்தேன். கலிஃபோர்னியாவுக்கு வந்து ஆறு ஆண்டுகள் ஆகிவிட்டன. மகன் பள்ளிக்குப் போகத் தொடங்கிவிட்டான். பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில் கணக்கியல் சேரலாமா, இல்லை கடன் வாங்கியாவது மாஸ்டர்ஸ் படித்துவிடுவது நல்லதா?"

நானும் எச்-4 விசாவில், அதாவது எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் துணைவருக்குக் கொடுக்கும் விசாவில் வந்தவள். கோயம்புத்தூரில் பி.காம். படித்தேன். இங்கே ஒரு சமுதாயக் கல்லூரியில் மாலை வகுப்புகளுக்குப் போய்விட்டு, இப்போது ஒரு சிறிய வரி அலுவலகத்தில் வேலை செய்கிறேன். இதுவரை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதினேன். இந்த முறை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். நான் எழுதுவது பெரும்பாலும் கலிஃபோர்னியாவை வைத்துத்தான். வேறு மாநிலத்தில் விதி மாறும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

சமுதாயக் கல்லூரி என்றதும் நம் ஊரில் அதே பெயரில் நடக்கும் தொழிற்பயிற்சி நிலையங்களை நினைத்துக்கொள்ள வேண்டாம். இங்கே அது அரசு நடத்தும் இரண்டாண்டுக் கல்லூரி. கலிஃபோர்னியாவில் மட்டும் 116 இருக்கின்றன. நுழைவுத் தேர்வு கிடையாது. பதினெட்டு வயதுப் பிள்ளையும் ஐம்பது வயது அம்மாவும் ஒரே வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள்.

## முதலில் அளவுகோல்கள்

எந்தக் கல்லூரி என்பது இரண்டாவது கேள்வி. பட்டம், சான்றிதழ், உரிமம் என்று எந்தத் தாளில் உங்கள் பெயர் வர வேண்டும் என்பதுதான் முதல் கேள்வி. அது தெரியாமல் கல்லூரியைத் தேடுவது, ஊரைத் தீர்மானிக்காமல் டிக்கெட் வாங்குவது போன்றது.

வேலை அனுமதி. எச்-4 விசாவில் இருப்பவர் தாராளமாகப் படிக்கலாம். அதற்காக எஃப்-1 என்னும் மாணவர் விசாவுக்கு மாற வேண்டியதில்லை. வேலை செய்வதற்குத்தான் இஏடி என்னும் பணி அனுமதி அட்டை வேண்டும். துணைவருக்காக அவருடைய நிறுவனம் போட்ட ஐ-140 என்னும் பச்சை அட்டை மனு ஏற்கப்பட்டிருந்தாலோ, அவருடைய எச்-1பி ஆறாண்டு வரம்பைத் தாண்டி நீட்டிக்கப்பட்டிருந்தாலோ 2015 முதல் அந்த அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். எல்-1 விசாவில் நிறுவனத்துக்குள்ளேயே இடம் மாறி வந்தவர்களின் எல்-2 துணைவர்களுக்கு 2021 நவம்பரிலிருந்து தனி அட்டையே தேவையில்லை. உங்களுக்கு அனுமதி இன்றைக்கே உண்டா, இரண்டு ஆண்டுகளில் வருமா, வருமா என்பதே தெரியாதா? இந்த மூன்று நிலைகளுக்கும் மூன்று வேறு பதில்கள்.

கையில் உள்ள பட்டத்தின் மதிப்பு. நம்முடைய பி.காம். மூன்றாண்டுப் பட்டம், இங்கே இளங்கலை நான்காண்டு. வெளிநாட்டுப் பட்டங்களை எடைபோடும் மதிப்பீட்டு நிறுவனங்களில் அதைச் சமமாக ஏற்பவையும் உண்டு, மூன்றாண்டுக் கல்வி என்று மட்டும் எழுதிக் கொடுப்பவையும் உண்டு. பல்கலைக்கழகத்துக்கு இந்தியாவின் நாக் அமைப்பு கொடுத்த தரமும் நீங்கள் வாங்கிய வகுப்பும்கூடக் கணக்கில் வரலாம். எம்.காம். அல்லது சி.ஏ. முடித்தவர்களுக்கு இந்தத் தலைவலி குறைவு.

எந்த வேலை. கணக்குப்பதிவு எழுத்தர், வரிப் படிவம் தயாரிப்பவர், நிறுவனக் கணக்காளர், சிபிஏ (மாநில வாரியத்தின் உரிமம் பெற்ற கணக்காளர்) எல்லாம் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலத் தெரியும். சம்பளத்தில் வித்தியாசம் பெரிது. 2024 மே மாதத்துக்கான அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறையின் கணக்கில் கணக்காளர், தணிக்கையாளரின் இடைநிலை ஆண்டு ஊதியம் 81,680 டாலர். கணக்குப்பதிவு எழுத்தருக்கு 49,210 டாலர். எழுத்தர் வேலைகள் வரும் ஆண்டுகளில் குறையும், கணக்காளர் வேலைகள் கூடும் என்பதும் அதே துறையின் கணிப்பு.

இவை போக பணம், வாரத்தில் உங்களுக்கென்று கிடைக்கும் மணி நேரம், அடுத்த ஐந்தாண்டில் மாநிலம் மாற வாய்ப்பு உண்டா என்பது. கடைசியாகச் சொன்னதை யாரும் யோசிப்பதில்லை. சிபிஏ உரிமத்தை ஒவ்வொரு மாநில வாரியமும் தன் விதிப்படி கொடுக்கிறது.

## சமுதாயக் கல்லூரி

பாடங்களின் அளவை இங்கே யூனிட் என்று கணக்கிடுவார்கள். கலிஃபோர்னியக் குடியிருப்பாளருக்குக் கட்டணம் யூனிட்டுக்கு 46 டாலர். 2012-லிருந்து அது மாறவில்லை. அசோசியேட் என்னும் இரண்டாண்டுப் பட்டத்துக்கு வேண்டிய 60 யூனிட்டையும் படித்தாலும் 2,760 டாலர்தான் ஆகிறது. அதனால் பணத்தைப் பொறுத்தவரை இதனோடு போட்டியிட வேறு எதுவும் இல்லை.

ஆனால் "குடியிருப்பாளர்" என்ற சொல்லில்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள். மாநிலத்தில் ஓராண்டுக்கு மேல் வசித்திருக்க வேண்டும். இங்கேயே தொடர்ந்து வாழும் எண்ணத்தைக் காகிதத்தில் காட்ட வேண்டும். எச்-4 விசாவில் இருப்பவர் இந்தத் தகுதியைப் பெறலாம், எஃப்-1 மாணவர் பெற முடியாது. நான் சேரப் போனபோது மாநிலத்துக்கு வந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. வாடகை ஒப்பந்தம் கணவர் பெயரில். மின் கட்டணம் கணவர் பெயரில். வங்கிக் கணக்கு அறிக்கையில்கூட அவர் பெயர் மட்டும். ஒரு நீலக் கோப்பு நிறையக் காகிதம் கொண்டு போயிருந்தேன், அதில் என் பெயர் இருந்தது கடவுச்சீட்டில் மட்டும்தான். முதல் பருவத்தை வெளிமாநிலக் கட்டணத்தில் படித்தேன். அது யூனிட்டுக்குப் பெரும்பாலும் 300 டாலருக்கு மேல் கூடுதலாக வரும். படிக்கும் எண்ணம் இருக்கிறதோ இல்லையோ, இன்றைக்கே ஓட்டுநர் உரிமம் எடுங்கள், வாடகை ஒப்பந்தத்தில் உங்கள் பெயரையும் சேர்க்கச் சொல்லுங்கள், கூட்டு வங்கிக் கணக்கு தொடங்குங்கள், மாநில வரிப் படிவத்தைச் சேர்ந்து தாக்கல் செய்யுங்கள். இதில் எதற்கும் பெரிய செலவில்லை.

அடுத்தது, இங்கே எதைப் படிப்பது. மூன்று வழிகள் உண்டு. தேவையான பாடங்களை மட்டும் எடுக்கலாம். ஏழெட்டுப் பாடங்கள் கொண்ட சான்றிதழ் வாங்கலாம். முழு அசோசியேட் பட்டமும் படிக்கலாம். பட்டதாரி ஒருவர் மூன்றாவது வழியில் போவது, கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவதுதான். உங்கள் பி.காம். பட்டத்தை மதிப்பீடு செய்து வாங்கிவிட்டால் ஆங்கிலம், வரலாறு, உடற்பயிற்சி என்று அசோசியேட் பட்டம் கேட்கும் பொதுப் பாடங்களை மறுபடி படிக்க வேண்டிய காரணமே இல்லை. கல்லூரி ஆலோசகரிடம் போனால் அவர் தம் கையில் உள்ள பட்டத் திட்டத்தை எடுத்துக் காட்டுவார். அது அவர் வேலை. "எனக்குப் பட்டம் வேண்டாம், கணக்கியல் யூனிட்கள்தான் வேண்டும்" என்று நீங்கள்தான் முதலில் சொல்ல வேண்டும்.

எடுக்கத் தக்க பாடங்கள்: இடைநிலைக் கணக்கியல், கூட்டரசு வருமான வரி, தணிக்கை, அடக்கவிலைக் கணக்கியல், ஊதியப் பட்டியல், குவிக்புக்ஸ் என்னும் கணக்கு மென்பொருள், எக்செல். தொடக்கநிலை நிதிக் கணக்கியலை நீங்கள் ஊரிலேயே படித்துவிட்டீர்கள். அதே பாடத்தை இங்கே மறுபடி எடுத்தால் சிபிஏ வாரியம் இரண்டு முறை கணக்கில் சேர்க்காது.

அப்படியும், பத்தாண்டு இடைவெளி விழுந்தவர்களுக்கு அந்தத் தொடக்க வகுப்பை நான் வேண்டாம் என்று சொல்வதில்லை. எனக்கு அது தேவைப்பட்டது. முதல் தேர்வுத் தாளில் 1,50,000 என்று எழுதியிருந்தேன். பேராசிரியை அந்தக் காற்புள்ளியைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, பக்கத்தில் 150,000 என்று எழுதித் தந்தார். மதிப்பெண்ணைக் குறைக்கவில்லை. ஆனால் அந்த ஒரு வட்டத்தில் எனக்குப் புரிந்தது, கணக்கு அதேதான், அதை எழுதும் கை மாற வேண்டும். பிளஸ் டூவில் பற்பல கடனாளிகள் என்று மனப்பாடம் செய்ததற்கு இங்கே வேறு பெயர். வியாபாரக் கணக்கு என்று தனியாக ஒன்று போடுவதில்லை. இருப்புநிலைக் குறிப்பில் நிலச் சொத்தையும் கட்டடத்தையும் முதலில் எழுதிப் பழகியவள் நான். இங்கே ரொக்கம்தான் முதல் வரி. கடைசியாக வந்த சரக்கை முதலில் விற்றதாகக் கொள்ளும் லைஃபோ முறைக்கு இந்தியக் கணக்கியல் தரம் 2-இல் இடமே இல்லை, இங்கே அது செல்லும். இவற்றை யூடியூபில் பார்த்தும் தெரிந்துகொள்ளலாம்தான். வாரத்துக்கு இரண்டு மாலை ஒரு வகுப்பறையில் உட்கார்ந்து, வீட்டுக்கு வெளியே என்னைப் பெயர் சொல்லி அழைக்கும் நான்கு பேரைச் சம்பாதித்தது யூடியூபில் கிடைத்திருக்காது. எனக்கு முதல் வேலையைச் சொல்லிவிட்டவர் வருமான வரி வகுப்பில் பக்கத்து நாற்காலியில் இருந்தவர்.

மறைந்திருக்கும் செலவுகளையும் சொல்லிவிடுகிறேன். பாடநூலோடு வரும் இணைய அனுமதிக் குறியீடு நூறு டாலரைத் தாண்டும். வீட்டுப்பாடம் அதற்குள்தான் இருக்கும் என்பதால் பழைய நூலை வாங்கித் தப்பிக்க முடியாது. வாகனம் நிறுத்தும் கட்டணம், சுகாதாரக் கட்டணம் தனி. மேல்நிலைப் பாடங்களைச் சில கல்லூரிகள் ஆண்டுக்கு ஒருமுறைதான் நடத்துகின்றன. போதிய மாணவர் சேராவிட்டால் அந்த வகுப்பும் ரத்தாகும். இடைநிலைக் கணக்கியலை ஒரு பருவம் தவறவிட்டால் முழு ஆண்டும் போகலாம். புதிதாகச் சேர்பவர்களுக்குப் பதிவு நாள் கடைசியில் வருவதால் மாலை வகுப்புகள் அதற்குள் நிரம்பியிருக்கும்.

உதவித்தொகை பற்றியும் நிறையப் பேர் கேட்கிறார்கள். கூட்டரசின் பெல் உதவித்தொகை குடிமக்கள், பச்சை அட்டை வைத்திருக்கும் நிரந்தரக் குடியிருப்பாளர் போன்றவர்களுக்கே. பச்சை அட்டை வந்த பிறகும், ஊரில் ஏற்கெனவே இளங்கலைப் பட்டம் வாங்கியவருக்கு அது கிடைக்காது. சமூகப் பாதுகாப்பு எண் உள்ளவர்களுக்கு வாழ்நாள் கல்வி வரிச் சலுகை மட்டும் உண்டு: கல்விச் செலவில் முதல் 10,000 டாலர் வரைக்கும் 20 சதவீதம் வரியில் கழியும். பட்டத்துக்காகப் படிக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் இல்லை. ஆனால் தம்பதியின் கூட்டு வருமானம் 160,000 டாலரைத் தாண்டும்போது சலுகை தேயத் தொடங்கி 180,000-இல் நின்றுவிடும். சிலிக்கான் பள்ளத்தாக்குக் குடும்பங்களில் பாதிப் பேருக்கு மேல் இந்த வரம்பைத் தாண்டியிருப்பார்கள் என்பது என் ஊகம்.

பருவ முறையையும் கவனியுங்கள். கூப்பர்ட்டினோவின் டி ஆன்சா, லாஸ் ஆல்டோஸ் ஹில்ஸின் ஃபுட்ஹில் கல்லூரிகள் காலாண்டு முறையில் நடப்பவை. அங்கே யூனிட்டுக்கு 31 டாலர் என்பதைப் பார்த்து மலிவு என்று நினைக்க வேண்டாம். மூன்று காலாண்டு யூனிட் சேர்ந்தால்தான் இரண்டு அரையாண்டு யூனிட். சிபிஏ தேர்வுக்கு வாரியம் கணக்கியலில் கேட்டு வந்த 24 யூனிட்டுக்கு அங்கே 36 படிக்க வேண்டும். விலை ஏறக்குறைய ஒன்றுதான், கணக்கு மட்டும் தப்பாகப் போகக்கூடாது.

## பல்கலைக்கழக முதுகலை

அரசுப் பல்கலைக்கழகத்திலேயே கணக்கியல் முதுகலை இருபதாயிரம் டாலரை எளிதில் தாண்டும். தனியார் என்றால் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு. அந்தப் பணத்துக்கு என்ன கிடைக்கிறது என்று பார்க்க வேண்டும். பாடம் மட்டும்தான் என்றால் அது நஷ்டம். பெரிய தணிக்கை நிறுவனங்கள் வளாகத்துக்கே வந்து ஆள் எடுக்கும் வாசல் அங்கே திறக்கிறது. சமுதாயக் கல்லூரியில் எவ்வளவு நன்றாகப் படித்தாலும் அந்த வாசல் அவ்வளவு எளிதில் திறப்பதில்லை. இதை மறைத்து எழுதினால் உங்களுக்கு நான் நல்லது செய்தவளாக மாட்டேன்.

மூன்றாண்டு பி.காம். இங்கே முழு இளங்கலையாக ஏற்கப்படாமல் போனவர்களுக்கும் முதுகலை ஒரு நல்ல வழி, சேர்த்துக்கொள்ளும் பல்கலைக்கழகம் கிடைத்தால். சில இடங்களில் முதலில் அடிப்படைப் பாடங்களை முடித்து வரச் சொல்வார்கள். அந்த அடிப்படைப் பாடங்களைச் சமுதாயக் கல்லூரியில் முடிக்கலாமா என்று கேளுங்கள். பல இடங்களில் முடிக்கலாம் என்பார்கள். அதே பாடத்துக்குப் பல்கலைக்கழகக் கட்டணத்தைக் கட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இஏடி வர வாய்ப்பே இல்லாதவர் எஃப்-1 விசாவுக்கு மாறி முதுகலை படித்தால், முடித்த பிறகு ஓபிடி என்னும் 12 மாதப் பணிப் பயிற்சி அனுமதி கிடைக்கும். அதற்கு விலை உண்டு. முழுநேரம் படித்தாக வேண்டும், வெளிமாநிலக் கட்டணம் கட்ட வேண்டும், பன்னிரண்டு மாதம் முடிந்ததும் ஒரு நிறுவனம் எச்-1பிக்கு முன்வர வேண்டும், அதிலும் குலுக்கல். சின்னக் குழந்தை வைத்திருப்பவர் இந்த முடிவை எடுப்பதற்கு முன் குடிவரவு வழக்கறிஞர் ஒருவரிடம் ஒரு மணி நேரம் பேசுவது அந்தக் கட்டணத்துக்குத் தகும்.

## பல்கலைக்கழக விரிவாக்கப் படிப்பு

பெர்க்லி, யூசிஎல்ஏ போன்றவற்றின் விரிவாக்கப் பிரிவுகள் கணக்கியல் பாடங்களைத் தனித்தனியாக நடத்துகின்றன. குடியிருப்புக் காகிதம் கேட்பதில்லை, இணையவழியில் முடிக்கலாம், மேல்நிலைப் பாடங்கள் தடையில்லாமல் கிடைக்கும். ஒரு பாடத்துக்கே ஆயிரம் டாலருக்கு மேல். சமுதாயக் கல்லூரியில் வகுப்பு ரத்தாகி, சிபிஏ விண்ணப்பத்துக்கு இன்னும் ஒன்றிரண்டு பாடம் குறைகிறது என்ற நிலையில் இங்கே வாருங்கள். முழுவதையும் இங்கேயே படிக்க எனக்குக் காரணம் தெரியவில்லை. வேலை கொடுப்பவர் அந்தச் சான்றிதழில் உள்ள பல்கலைக்கழகப் பெயரைப் பட்டமாக எண்ணிக்கொள்ள மாட்டார்.

## கல்லூரியே வேண்டாம்: இஏ தேர்வு

நம்மவர்களில் மிகக் குறைவாகவே அறியப்பட்ட வழி இது. இஏ, அதாவது என்ரோல்டு ஏஜென்ட் என்பது ஐஆர்எஸ் என்னும் கூட்டரசு வரித் துறை நேரடியாக வழங்கும் உரிமம். பட்டம் கேட்பதில்லை, யூனிட் கேட்பதில்லை, பட்ட மதிப்பீடும் கேட்பதில்லை. மூன்று தாள்கள்: தனிநபர் வரி, வணிக வரி, வரி செலுத்துபவர் சார்பில் ஆஜராவதற்கான நடைமுறை. ஒவ்வொன்றிலும் 100 கொள்குறி வினாக்கள், மூன்றரை மணி நேரம். தேறிவிட்டால் ஐம்பது மாநிலங்களிலும் செல்லும். துணைவருக்கு டெக்சஸில் வேலை மாறினாலும் உரிமம் கூடவே வரும், சிபிஏ போல வாரியத்துக்கு வாரியம் காகிதம் அனுப்ப வேண்டியதில்லை.

குறை என்ன? இது வரியோடு நிற்கும் உரிமம். நிறுவனக் கணக்காளர் வேலைக்கோ தணிக்கைக்கோ இதை வைத்து நுழைய முடியாது. வேலை ஜனவரி முதல் ஏப்ரல் நடு வரை குவியும். அந்த மாதங்களில் வீட்டில் சமையலையும் பள்ளி அழைப்பையும் யார் பார்ப்பது என்று முன்பே பேசி வைக்க வேண்டும். மூன்றாண்டுக்கு 72 மணி நேரத் தொடர்கல்வியும் கட்டாயம். இன்னொன்று, அமெரிக்க வரிப் படிவத்தை ஒருமுறைகூடக் கையில் எடுக்காதவர் வினா வங்கியை மட்டும் படித்துத் தேறிவிடலாம், ஆனால் முதல் வாடிக்கையாளர் முன் உட்காரும்போது கை நடுங்கும். அதனால் சமுதாயக் கல்லூரியில் வருமான வரிப் பாடம் ஒன்றை மட்டும் முடித்துவிட்டு இஏ தேர்வுக்குப் போவதுதான் நான் சொல்லும் வழி. வீட்டா என்னும் இலவச வரி உதவி மையங்களில் ஒரு பருவம் தொண்டு செய்தால் இன்னும் நல்லது. ஐஆர்எஸ்ஸே பயிற்சி கொடுத்துத் தேர்வும் வைக்கிறது. ஊதியமில்லாத் தொண்டு என்பதால் இஏடி இல்லாதவர்களும் அங்கே வருகிறார்கள். நான் என் முதல் 1040 என்னும் தனிநபர் வரிப் படிவத்தை அப்படி ஒரு நூலகத்தின் பின்னறையில், எழுபது வயதைக் கடந்த ஒரு பாட்டிக்காக நிரப்பினேன். ஓய்வூதியத் தாளைக் கையுறை போட்ட கையால் ஒவ்வொன்றாக எடுத்து நீட்டினார். திருப்பி வரும் தொகையைச் சொன்னதும் அதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதித் தரச் சொன்னார், மகளிடம் காட்ட வேண்டுமாம்.

கலிஃபோர்னியாவில் இஏ அல்லது சிபிஏ இல்லாமல் காசு வாங்கிக்கொண்டு வரிப் படிவம் தயாரிக்க வேண்டுமானால் சிடெக் என்னும் மாநில அளவிலான பதிவு தேவை. அதற்கு 60 மணி நேரப் பாடமும் 5,000 டாலர் பிணையும் வேண்டும். வேறு மாநிலத்துக்குப் போனால் அதற்கு மதிப்பில்லை. இஏ எழுதும் திறமை உள்ளவர் இதில் நிற்க வேண்டாம்.

## சிபிஏ கனவு உள்ளவர்களுக்கு

இது தனி வழியில்லை, மேலே சொன்னவற்றில் ஒன்றின் முடிவில் வருவது. கலிஃபோர்னியாவில் தேர்வு எழுத இளங்கலைப் பட்டத்தோடு 24 யூனிட் கணக்கியலும் 24 யூனிட் வணிகப் பாடங்களும் வேண்டும் என்பது நெடுநாள் விதி. உரிமத்துக்கு நெடுங்காலமாக 150 யூனிட் கேட்டு வந்தார்கள். இந்த 150 விதி இப்போது நாடு முழுக்கத் தளர்ந்து வருகிறது: ஒஹையோவில் 2025 தொடக்கத்தில் கையெழுத்தான சட்டம், இளங்கலையும் இரண்டாண்டு அனுபவமும் போதும் என்ற வழியை 2026 முதல் திறந்தது. மற்ற மாநிலங்களும் அதே திசையில் நகர்கின்றன. ஆகவே, 150-ஐ எட்டுவதற்காக மட்டும் இன்றைக்கு முதுகலையில் பணம் கட்டப் போகிறவர், முதலில் தம் மாநில வாரியத்தின் இப்போதைய விதியைப் படிக்க வேண்டும்.

கலிஃபோர்னிய வாரியம் சமுதாயக் கல்லூரியில் படித்த கணக்கியல் யூனிட்டை ஏற்கிறது. டெக்சஸ் அப்படியில்லை, மேல்நிலைப் பாடம் வேண்டும் என்கிறது, எல்லாச் சமுதாயக் கல்லூரிப் பாடங்களையும் மேல்நிலையாகக் கொள்வதும் இல்லை. சான் ஹோசேயில் படித்துவிட்டு டாலஸில் வீடு வாங்கப் போகிறவர்கள் இதை இப்போதே பாருங்கள்.

தேர்வு 2024 முதல் மூன்று கட்டாயத் தாள், ஒரு விருப்பத் தாள் என்று மாறியிருக்கிறது. ஒவ்வொன்றும் நான்கு மணி நேரம், தேர்ச்சிக்கு 75. சென்னையிலும் தேர்வு மையம் இருப்பதால், பிள்ளையைப் பாட்டி பார்த்துக்கொள்ளும் கோடை விடுமுறையில் ஒரு தாளை அங்கே எழுதிவிட்டு வரவும் வழியிருக்கிறது.

## ஒரே பார்வையில்

| | சமுதாயக் கல்லூரிப் பாடங்கள் | முதுகலை | விரிவாக்கப் படிப்பு | இஏ தேர்வு |
|---|---|---|---|---|
| செலவு | யூனிட்டுக்கு 46 டாலர், குடியிருப்பாளர் என்றால் | 20,000 டாலருக்கு மேல் | பாடத்துக்கு 1,000 டாலருக்கு மேல் | தேர்வுக் கட்டணம், பயிற்சி நூல்கள் |
| பி.காம். மதிப்பீடு | பாடங்களுக்குப் பெரும்பாலும் தேவையில்லை. சிபிஏவுக்குத் தேவை | தேவை | பெரும்பாலும் தேவையில்லை | தேவையில்லை |
| காலம் | ஓராண்டு முதல் இரண்டாண்டு | ஓராண்டு முதல் இரண்டாண்டு | உங்கள் வேகம் | ஆறு மாதம் முதல் ஓராண்டு |
| எங்கே வழுக்கும் | குடியிருப்புக் காகிதம், ரத்தாகும் வகுப்பு | கடன், முழுநேரக் கட்டாயம் | விலை | வரிக்கு வெளியே பயன் குறைவு |
| மாநிலம் மாறினால் | யூனிட் ஏற்கப்படுமா என்று பார்க்க வேண்டும் | பட்டம் எங்கும் செல்லும் | பார்க்க வேண்டும் | எங்கும் செல்லும் |

## யாருக்கு எது

இஏடி கையில் இருக்கிறது, ஆறு மாதத்தில் வேலை வேண்டும் என்பவர் குவிக்புக்ஸ், ஊதியப் பட்டியல், வருமான வரி என மூன்று பாடங்களைச் சமுதாயக் கல்லூரியில் ஒரே பருவத்தில் எடுங்கள். குவிக்புக்ஸை விற்கும் இன்ட்யூட் நிறுவனம் இணையத்தில் தரும் புரோ அட்வைசர் சான்றிதழ் இலவசம், அதையும் முடித்துவிடுங்கள். எழுத்தர் வேலையில் நுழைந்து, அங்கிருந்தபடியே இஏ அல்லது சிபிஏ நோக்கி நகருங்கள். எழுத்தர் நாற்காலியிலேயே பத்தாண்டு உட்கார்ந்துவிட வேண்டாம். மென்பொருள் முதலில் பறிப்பது அந்த வேலையைத்தான்.

இஏடி வர இன்னும் இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும் என்பவருக்கு இந்தப் பட்டியலில் மிகச் சாதகமான நிலை என்று சொல்வேன், அவர்கள் நம்பாவிட்டாலும். அவசரமில்லை. பருவத்துக்கு ஒரு பாடம், சிபிஏ யூனிட்டைச் சேர்த்துக்கொண்டே போகலாம். அட்டை வரும் நாளில் தேர்வின் இரண்டு தாள்கள் முடிந்திருக்கும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: அட்டை இல்லாமல் தெரிந்தவர் கடைக்குக் கணக்கு எழுதிக் காசு வாங்குவதும் வேலைதான். வீட்டிலிருந்தே செய்தாலும் அப்படித்தான்.

பொறியியல் படித்துவிட்டுக் கணக்குப் பக்கம் வர நினைப்பவர்களுக்குத் தொடக்க வகுப்பிலிருந்து சமுதாயக் கல்லூரிதான். முதல் பாடத்தில் பற்று வரவு பிடித்துப்போனால் தொடருங்கள். பிடிக்காவிட்டால் சில நூறு டாலரில் தெரிந்துகொண்டீர்கள், முதுகலையில் சேர்ந்து தெரிந்துகொள்வதைவிட அது எவ்வளவோ மேல்.

பெரிய தணிக்கை நிறுவனம்தான் வேண்டும், முப்பது வயதுக்குள் இருக்கிறேன், முழுநேரம் படிக்க முடியும் என்பவர் முதுகலைக்கே போங்கள்.

பள்ளியை முடிக்கும் மகளுக்கோ மகனுக்கோ இந்தக் கட்டுரையைப் படிப்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. சமுதாயக் கல்லூரியில் இரண்டாண்டு படித்துவிட்டு மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு மாறுவது மிக நல்ல வழி. ஆனால் அதற்கு எடுக்க வேண்டியது கணக்கியல் அசோசியேட் பட்டம் அல்ல, வணிக நிர்வாகத்தில் உள்ள மாற்றப் பட்டம். பெயர்கள் ஒன்றுபோல இருப்பதால் பிள்ளைகள் தவறாகச் சேர்ந்துவிடுகிறார்கள். நிதிக் கணக்கியல், மேலாண்மைக் கணக்கியல் இரண்டும் பல்கலைக்கழகத்துக்கு மாறும். சமுதாயக் கல்லூரியில் படித்த இடைநிலைக் கணக்கியலைப் பல்கலைக்கழகம் பெரும்பாலும் மேல்நிலைப் பாடமாக ஏற்காது. மூன்றாம் ஆண்டில் மறுபடி படிக்க வைக்கும். பட்டதாரி அம்மாவுக்குச் சரியான பாடம் மகளுக்குத் தவறான பாடமாவது இங்கேதான். எந்தப் பாடம் எந்தப் பல்கலைக்கழகத்தில் செல்லும் என்பதை அசிஸ்ட் என்னும் மாநில இணையதளத்தில் கல்லூரிப் பெயரைக் கொடுத்துப் பார்க்கலாம்.

ஆலோசகரைப் பார்க்கப் போகும்போது இவற்றை எடுத்துச் செல்லுங்கள்: பட்ட மதிப்பீட்டு அறிக்கை, ஊர்ப் பல்கலைக்கழகத்தின் மதிப்பெண் பட்டியல் நகல், வாரியம் கேட்கும் யூனிட்டில் எவை உங்களிடம் உள்ளன, எவை குறைகின்றன என்று நீங்களே எழுதிய ஒரு பக்கம், உங்கள் பெயர் உள்ள இரண்டு முகவரிச் சான்றுகள். மதிப்பீட்டு நிறுவனங்கள் ஊர்ப் பல்கலைக்கழகத்திலிருந்து முத்திரையிட்ட உறையில் மதிப்பெண் பட்டியல் வர வேண்டும் என்று பெரும்பாலும் கேட்கும். அது கைக்கு வர மாதங்கள் ஆகலாம். இலையுதிர்ப் பருவத்தில் சேர நினைப்பவர் பொங்கலுக்கு ஊருக்குப் போகும் உறவினரிடமே விண்ணப்பத்தைக் கொடுத்தனுப்பிவிடுங்கள்.